"ஊரையே டூர் கூட்டிட்டுப் போனேன்... என் குடும்பத்தைத் தவிர!" - கனடா ஏரிக்கரையில் ஒரு சிந்தாதிரிப்பேட்டை வேன்காரர்

"கரடி நடமாடுற காட்டுல, துணி வீட்டுக்குள்ள ரெண்டு ராத்திரி படுத்துட்டு வந்தேன்யா!"

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் பக்கம் உள்ள டீக்கடையில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. சொன்னவர் அப்படி. 66 வயது, பெரிய மீசை, கதை விடுவதில் அந்த வட்டாரத்திலேயே பேர்போனவர். கடைசியில் போனை எடுத்துப் போட்டோவைக் காட்டினார். பைன் மரங்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறக் கூடாரம். அதன் வாசலில் லுங்கி, ஸ்வெட்டர், மஃப்ளர் சகிதம் அவரேதான். பின்னால் ஆள் அரவமே இல்லாத ஏரி.

"ஏரில தண்ணி இருக்கே!" என்றார் டீ மாஸ்டர். சென்னைக்காரருக்கு வரவேண்டிய முதல் சந்தேகம்தான்.

சிந்தாதிரிப்பேட்டை என்ற பெயர் 'சின்னத் தறிப் பேட்டை'யில் இருந்து வந்தது என்பார்கள். 1734-ல், கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், நெசவாளர்களைக் குடியேற்ற உருவான பேட்டை இது. கூவம் ஆறு வளைந்து சுற்றிப் போகிற இடத்தில் ஊரை அமைத்தார்கள். தறிக்கும் சாயத்துக்கும் தண்ணீர் வேண்டுமே! அந்தத் தறிகள் இன்று இல்லை. ஆறு இருக்கிறது, ஆனால் அதன் கரையில் பாய் விரித்துப் படுக்கலாம் என்று யாரும் கனவிலும் நினைப்பதில்லை. ஆற்றுப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இங்கே ஒரு முடிவு.

அப்படிப்பட்ட ஒரு சந்தில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் வாழ்ந்தவர்தான் நம் வேன்காரர். 17 வயதில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, பிறகு சொந்த வண்டி வாங்கினார். முதலில் மெட்டடார், அப்புறம் ஸ்வராஜ் மஸ்தா, கடைசியாக டெம்போ ட்ராவலர். 30 வருடங்களுக்கு மேல் டூரிஸ்ட் வேன் ஓட்டியவருக்கு காலண்டரில் சிவப்புத் தேதியே கிடையாது. கார்த்திகை பிறந்தால் சபரிமலை, மே வந்தால் ஊட்டி-கொடைக்கானல், ஆடியில் அம்மன் கோயில்கள், ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணி, புரட்டாசியில் திருப்பதி. நடுவில் முகூர்த்த நாள்களும் உண்டு.

"கேம்பிங், கேம்பிங்னு இப்போ சொல்றாங்களே... அதை நாங்க அந்தக் காலத்துலயே பண்ணிட்டோம்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேன் கேரியரில் அண்டா, சிலிண்டர், அரிசி மூட்டை, ஜமக்காளம், தார்ப்பாய். கூடவே சமையல் மாஸ்டர். புளியமரமும் தண்ணீரும் கண்ணில் பட்டால் வண்டியை ஓரங்கட்ட வேண்டியது. பத்து நிமிடத்தில் அடுப்பு பற்றிக்கொள்ளும்.

அதிலும் அவருக்குப் பிடித்த இடம் வீராணம் ஏரிக்கரை. நவகிரக கோயில் ட்ரிப்புக்காகக் கும்பகோணம் போகும்போது, சேத்தியாத்தோப்பு தாண்டியதும் ஏரிக்கரையை ஒட்டியே சாலை போகும். சோழர் காலத்து ஏரி. 'பொன்னியின் செல்வன்' கதை தொடங்குவதும் இந்தக் கரையில்தான். 2004 முதல் சென்னைக்குக் குழாயில் குடிநீர் வருவதும் இங்கிருந்துதான். அந்தக் கரையில் எத்தனையோ குடும்பங்களை இறக்கிவிட்டு, அவர்கள் புளியோதரையும் வாழைக்காய் வறுவலும் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறார்.

"நாங்க கடைசிப் பந்தி. சில சமயம் அப்பளம் தீர்ந்துபோயிருக்கும். ராத்திரி அவங்களுக்கு லாட்ஜ், நமக்கு டிரைவர் சீட்டு. காலைத் தூக்கி டேஷ்போர்டு மேல வெச்சா தூக்கம் வந்துடும். பழகிடுச்சு."

பழகாமல் போனது வீட்டில் இருந்தவர்களுக்குத்தான். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் மகன் கேட்பான்: "நம்மளையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போப்பா." இவரும் "சீசன் முடியட்டும்டா" என்பார். சீசன் முடியவே இல்லை. மகன் பாலிடெக்னிக் முடித்து, இன்ஜினீயரிங் முடித்து, கல்யாணம் ஆகி, கனடாவின் டொரன்டோவில் குடியேறிவிட்டார். கொரோனா ஊரடங்கில் வண்டி ஓடாமல் நின்று, தவணை ஏறிப்போக, இவர் வேனை விற்றார். பிறகு பெற்றோருக்கான சூப்பர் விசா கிடைத்து, சென்ற கோடையில் கணவன் மனைவி இருவரும் விமானம் ஏறினார்கள்.

போய்ச் சேர்ந்த பிறகுதான், மகன் மார்ச் மாதமே ஒரு வேலை செய்துவைத்திருந்தது தெரிந்தது.

ஒண்டாரியோ மாகாணத்தில் அரசே நடத்தும் பூங்காக்கள் 340 இருக்கின்றன. எல்லாவற்றிலும் தங்க முடியாது, ஆனால் நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் கூடாரம் போட இடம் உண்டு. முன்பதிவு, வந்து இறங்கும் நாளுக்கு சரியாக 5 மாதங்களுக்கு முன்பு காலை 7 மணிக்குத் திறக்கும். பெயர் பெற்ற பூங்காக்களில் கோடைகால வார இறுதிகள் சில நிமிடங்களில் காலி. நம்மூர் தட்கல் போலத்தான். 6.55-க்கே லாகின் செய்து, கைவிரலை பட்டன் மேல் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மகனுக்கு வார இறுதி கிடைக்கவில்லை. அல்கோன்குவின் பூங்காவில், லேக் ஆஃப் டூ ரிவர்ஸ் ஏரிக்கரையில், ஆகஸ்ட் மாத வார நாள்களில் இரண்டு இரவுகள் கிடைத்தன. 'இரண்டு ஆறுகளின் ஏரி' என்று மகன் மொழிபெயர்த்துச் சொன்னதும், "நம்ம ஊர்லயும்தான் ரெண்டு ஆறு இருக்கு" என்றாராம் அம்மா.

அல்கோன்குவின் என்பது அங்குள்ள பூர்வகுடி மக்களின் பெயர். பூங்காவின் பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். 426 சதுர கிலோமீட்டர் உள்ள சென்னை மாநகராட்சியைப்போல கிட்டத்தட்ட 18 மடங்கு. டொரன்டோவில் இருந்து காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஹன்ட்ஸ்வில் என்ற ஊரைத் தாண்டினால் பூங்காவின் மேற்கு வாசல். அதன் பிறகும் 56 கிலோமீட்டர் தூரத்துக்கு நெடுஞ்சாலை காட்டுக்குள்ளேயே போகிறது. மகன் ஓட்ட, இவர் முன் சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தார். இல்லாத பிரேக்கை!

முந்தைய நாளே ஸ்கார்பரோ தமிழ்க்கடையில் கறிவேப்பிலையில் இருந்து அப்பளம் வரை வாங்கியாயிற்று. விறகு மட்டும் வீட்டில் இருந்து எடுத்துப் போகக் கூடாது. மரக்கட்டைக்குள் ஒளிந்திருக்கும் பூச்சிகள் ஒரு காட்டில் இருந்து இன்னொரு காட்டுக்குப் பரவிவிடும் என்பதால், அங்கேயே வாங்கி அங்கேயே எரிக்கச் சொல்கிறார்கள். சாம்பல் மரம் எனப்படும் 'ஆஷ்' மரங்களை அங்கே ஒரு பச்சை வண்டு லட்சக்கணக்கில் சாகடித்திருக்கிறது. காசு கொடுத்து விறகு வாங்குவது நம் வேன்காரருக்கு ஆறவில்லை. "காடு முழுக்க மரம், நடுவுல விறகுக் கடை!"

இடத்தைப் பார்த்ததும் அவர் வாயடைத்துப் போனார். அதுவே செய்தி. காட்டுக்குள் கிளை பிரியும் மண் சாலைகள். அவற்றின் இருபுறமும், நம் மனைப்பிரிவு லே-அவுட் போல நம்பர் போட்ட 200-க்கும் மேற்பட்ட இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மர மேசை, தீ மூட்ட இரும்பு வளையம், கார் நிறுத்த இடம், அடுத்தவர் கண்ணில் படாமல் இருக்க நடுவில் மரங்கள். ஓர் இடத்தில் 6 பேர் வரை தங்கலாம். வசதியைப் பொறுத்து, ஒரு இரவுக்கு சுமார் 40-ல் இருந்து 60 கனடா டாலர். கூடாரம் நம்முடையது. கொஞ்ச தூரத்தில் வெந்நீர் ஷவரோடு சுத்தமான கழிவறைக் கட்டடம், துணி துவைக்க மெஷின்கூட உண்டு.

அம்மாவின் பெரிய பயமே கழிவறைதான். அதைப் பார்த்த பிறகுதான் கூடாரத்துக்குள் காலை வைத்தார். அடுத்து, குழாய் எங்கே என்று கேட்டு, பிளாஸ்டிக் வாளியோடு கிளம்பிவிட்டார். பொதுக் குழாயில் ஆளே இல்லை. "யாராவது வர்றாங்களான்னு நின்னு பார்த்தேன். வரிசை இல்லாம தண்ணி பிடிச்சா என்னவோ திருட்டுத்தனமா இருந்துச்சு" என்று சிரிக்கிறார். லாரித் தண்ணீருக்கு நள்ளிரவில் குடம் வரிசை வைத்தவர் அல்லவா?

வேன்காரரின் கண் வேறு பக்கம் போனது. மின் இணைப்புள்ள இடங்களில் வரிசையாக நின்றிருந்தன, ஆர்.வி. எனப்படும் சக்கரம் வைத்த வீடுகள். கேரவன் என்றால் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்டும் நடிகர்களும்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே ரிட்டயர்டு தம்பதிகள் அதில் நாடு சுற்றுகிறார்கள். பஸ் அளவுக்குப் பெரியது, பிக்-அப் வண்டியின் பின்னால் கொக்கி போட்டு இழுப்பது, மடக்கி வைத்துப் பிறகு குடைபோல விரிப்பது எனப் பலவகை. பக்கத்து இடத்துப் பெரியவர் இவர் எட்டிப் பார்ப்பதைக் கவனித்து உள்ளே அழைத்தார். மகன் மொழிபெயர்ப்பாளர். அடுத்த ஒரு மணி நேரம் நடந்தது சுற்றுலா அல்ல, எஃப்.சி. இன்ஸ்பெக்‌ஷன்!

டயர் தேய்மானம், ஸ்டெப்னி, பேட்டரி, 30 ஆம்பியர் ப்ளக், கேஸ் சிலிண்டர் எல்லாம் பார்த்தாயிற்று. அவருக்குப் புதிதாக இருந்தது தண்ணீர்க் கணக்குதான். வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள். ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்றில் குளியல், பாத்திரம் கழுவிய தண்ணீர். மூன்றாவதில் கழிவறைத் தண்ணீர். நிறுத்தும் இடத்தில் சாக்கடை இணைப்பு கிடையாது, கீழே ஒரு சொட்டுகூட விடக் கூடாது. தொட்டி நிறைந்தால் பூங்காவுக்குள் அதற்கென்றே இருக்கும் நிலையத்துக்கு ஓட்டிப்போய், குழாய் மாட்டி, வரிசைப்படி காலி செய்ய வேண்டும். முதலில் கழிவறைத் தொட்டி, பிறகு குளியல் தண்ணீர். அப்போதுதான் குழாய் கழுவப்பட்டுச் சுத்தமாகும்.

"அதான் ஏரி ஏரியா இருக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கூவம் வளைவில் பிறந்து வளர்ந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மாலையில் மருமகள் இரும்புக் கம்பி மேல் மசாலா தடவிய சிக்கனைச் சுட்டார். முதல் துண்டு மாமனாருக்கு. "எல்லாரும் சாப்பிடட்டும்மா, நான் கடைசில..." என்று வழக்கம்போல அவர் எழுந்துவிட்டார். "உட்காருங்க மாமா. இங்க யாரு டிரைவர்?" என்றாராம் மருமகள்.

சாப்பிட்டு முடித்ததும்தான் கரடிப் பாடம். மிச்ச உணவு, மசாலாப் பொடி, எண்ணெய் பாட்டில், ஏன், பற்பசையும் சோப்பும்கூடக் கூடாரத்தில் இருக்கக் கூடாது. எல்லாம் பூட்டிய காருக்குள் போக வேண்டும். குப்பை, விலங்குகள் திறக்க முடியாத இரும்புத் தொட்டிக்குள். கருங்கரடிக்கு மோப்ப சக்தி அதிகம். ஒருமுறை மனிதச் சாப்பாட்டின் ருசி கண்டுவிட்டால் திரும்பத் திரும்ப வரும், கடைசியில் உயிர் போவது பெரும்பாலும் கரடிக்குத்தான். 8 வயதுப் பேத்தி, பாட்டியின் தலையணைக்கு அடியில் இருந்து ஒரு பொட்டலம் மிக்சரைக் கைப்பற்றி காரில் பூட்டினாள். "ஆயா, இதை சாப்பிட கரடி வரும்!" "வந்தா குடுப்போம்டி, பாவம்" என்ற பதில் ஏற்கப்படவில்லை.

இன்னொரு விதி, சத்தம் கூடாது. பாட்டு சத்தமாக வைத்தால் வார்டன் வந்துவிடுவார். 30 வருடங்கள் தூக்கம் வராமல் இருக்க டேப் ரெக்கார்டரை அலறவிட்டே வண்டி ஓட்டிய மனிதருக்கு இதுதான் பெரிய சோதனை. இருட்டியதும் குளிர் இறங்கியது. அங்கே ஆகஸ்ட்டிலும் இரவில் 10 டிகிரி வரை போவது சாதாரணம். நெருப்பைச் சுற்றி நாற்காலிகள். திடீரென்று ஏரியின் நடுவில் இருந்து ஓநாய் ஊளையிடுவதுபோல ஒரு நீண்ட குரல். அம்மா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். மகன் சட்டைப் பையில் இருந்து ஒரு டாலர் நாணயத்தை எடுத்துக் காட்டினார். அதில் இருக்கும் பறவைதான் கத்தியது. லூன் என்று பெயர். 1987-ல் வந்த அந்த நாணயத்தையே கனடா மக்கள் 'லூனி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பேத்தி தூங்கிய பிறகு, மகன் நெருப்பைக் கிளறியபடியே ஒரு விஷயத்தைச் சொன்னார். ஆறாம் வகுப்பில், 'கோடை விடுமுறையில் எங்கே சென்றாய்?' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். இவர் ஊட்டி என்று எழுதினார். தொட்டபெட்டா, போட் ஹவுஸ், கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் அப்பா ட்ரிப் முடித்து வந்து சொன்ன கதைகள். பத்துக்கு ஒன்பது மார்க். டீச்சர் வகுப்பில் சத்தமாகப் படிக்கவும் வைத்தார்.

"எனக்கு அது அன்னிக்குத்தான் தெரியும்" என்கிறார் வேன்காரர். டீக்கடையில் கரடிக் கதையை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்பவர், இதை அங்கே சொல்வதில்லை. "நான் ஒண்ணும் பேசல. அவன்தான் 'கூடாரக் கயிறு லூசா இருக்குப்பா, வா இழுத்துக் கட்டலாம்'னான். ரெண்டு பேரும் போய்க் கட்டினோம்." தார்ப்பாய் கட்டி வாழ்ந்தவர் போட்ட முடிச்சு மறுநாள் கிளம்பும்போது லேசில் அவிழவில்லையாம்.

காலையில் ஏரி மேல் பனிமூட்டம். அதை ஒட்டி ஒரு பழைய ரயில் பாதை. ஜே.ஆர். பூத் என்ற மர வியாபாரி 1890-களில் போட்ட லைன் அது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு இப்போது சைக்கிள் பாதை ஆக்கிவிட்டார்கள். வாடகை சைக்கிளில் தாத்தாவும் பேத்தியும் கிளம்பினார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் பறக்கும் ரயில் ஓடினாலும், ரயில் பாதை மேல் சைக்கிள் ஓட்டியது இதுதான் முதல் முறை என்கிறார்.

எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். மே, ஜூனில் போனால் கொசுவும் கறுப்பு ஈயும் பிய்த்துவிடும். கார் இல்லாதவர்கள் போய்ச் சேருவது கஷ்டம். காட்டின் பெரும்பகுதியில் மரம் வெட்டுவது இன்றும் தொடர்கிறது.

அந்தப் பூங்கா உருவான ஆண்டு 1893. ஆறுகள் பிறக்கும் இடத்தையும் காட்டு உயிர்களையும் காப்பாற்ற வேண்டும் என்று அன்றைக்கே கோடு போட்டுவிட்டார்கள். அதே 1893-ல் சென்னையிலும் ஓர் ஏரியில் படகுப் போட்டி நடந்திருக்கிறது! மெட்ராஸ் போட் கிளப் நடத்திய 'லாங் டேங்க் ரெகாட்டா'. நுங்கம்பாக்கத்தில் இருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த அந்த ஏரி, சிந்தாதிரிப்பேட்டையில் இருந்து நடந்து போகிற தூரம்தான். 1920-களில் அதன் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. 'லேக் ஏரியா', 'டேங்க் பண்ட் ரோடு', மேற்கு மாம்பலத்தின் 'லேக் வியூ ரோடு' எனப் பெயர்ப்பலகைகளில் மட்டும் தண்ணீர் மிச்சம்.

இன்று ஒரு சென்னைக் குடும்பம் ஏரிக்கரையில் ஒரு ராத்திரி படுத்து எழ வேண்டும் என்றால், பெரும்பாலும் தனியார் ரிசார்ட்டுகள்தான். கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றது. ஆனால் வேன்காரர் கேட்பது கேரவன் அல்ல. "நம்பர் போட்ட இடம், ஒரு குழாய், சுத்தமான கக்கூஸ், ராத்திரி ஒரு வாட்ச்மேன். இது போதும். பாயும் அண்டாவும் நம்மகிட்டயே இருக்கு. ஐந்நூறு ரூபா வாங்கிக்கட்டுமே! எத்தனை வேன் வரும் தெரியுமா?" 30 வருட அனுபவத்தில் சொல்கிறார். சுற்றுலாத்துறை காதில் போட்டுக்கொள்ளலாம்.

வரும் டிசம்பரில், பள்ளி விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு சென்னை வருகிறார். பேத்திக்கு வீராணம் ஏரியைக் காட்ட வேண்டும். ராத்திரி தங்க வழியில்லை, பகல் சாப்பாடு மட்டும். மழை முடிந்து ஏரி ததும்பும் நேரம். நண்பரின் ட்ராவலர் பேசியாயிற்று, சமையல் மாஸ்டருக்கும் சொல்லியாயிற்று. "நீங்கதானே ஓட்டப் போறீங்க?" என்று மனைவி கேட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்திருக்கிறார்.

"வேற டிரைவர் சொல்லிட்டேன். நான் பின்னாடி, ஜன்னல் சீட்டு. பையனுக்கு பேட்டாவும் பேசியாச்சு. மாஸ்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிருக்கேன்... அந்த டிரைவர் பையனுக்கு முதல் பந்தி. அப்பளத்தோட."